வண்டி லேட்டுன்னு சொல்லுங்க சார்!

எங்கள் வீட்டு டி.வி. பக்கத்தில் ஒரு உலக உருண்டை இருக்கிறது. 12 அங்குல விட்டம். என் மகளின் படிப்புக்காக வாங்கியது. முதல் நாள் அதில் ஆஸ்திரேலியாவைத் தேடிக் கண்டுபிடித்தாள். அத்தோடு பூகோளம் முடிந்துவிட்டது என்று முடிவு செய்து கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து உருண்டை அப்பாவின் கஸ்டடியில்.

அப்பா ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். ஊர் சின்னதாகவும் பெயர்ப்பலகை பெரிதாகவும் இருக்கும் ஸ்டேஷன்களில் 34 வருஷம் பச்சைக்கொடி காட்டியவர். வீட்டில் இன்னமும் ரயில்வே நேரம்தான். "சாப்பாடு ரெடியா?" என்று கேட்கமாட்டார். "13.10-க்குத் தட்டு வரணும்" என்பார். அம்மா 13.25-க்குக் கொண்டுவந்தால், "15 நிமிஷம் லேட். காரணம்?" என்பார். "குக்கர் விசில் அடிக்கலை" என்று அம்மா சொன்னால் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார். காரணம் எதுவானாலும் ஏற்றுக்கொள்வார். காரணம் சொல்லாமல் தட்டை வைத்தால்தான் கோபம் வரும்.

(இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னை உதைக்கப் போகிறது.)

நான் பி.காம். ஆடிட்டர் ஆபீஸில் ஏழு வருஷம் ஊரார் கணக்கை டாலி செய்துவிட்டு, இப்போது பல்லாவரத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி பத்திரிகைகளுக்கு எழுதிக் குடும்பம் நடத்துகிறேன். 'குடும்பம் நடத்துகிறேன்' என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. மனைவி பேங்க்கில் வேலை பார்க்கிறாள்.

அண்ணன் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் இருக்கிறான். கம்ப்யூட்டர். வேறென்ன?

ஒருநாள் அப்பா உருண்டையைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "டேய், பெரியவன் ஊருக்கு இங்கேருந்து எத்தனை கிலோமீட்டர்?"

"கிட்டத்தட்ட ஒரு..."

"கிட்டத்தட்டங்கற வார்த்தை ரயில்வேயில கிடையாது."

அம்மா பூக்கட்டும் நூலை எடுத்துக்கொண்டார். ஒரு நுனியை சென்னையில் வைத்து அழுத்தச் சொன்னார். மறுநுனியை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்தார். நூல் விறைப்பாக நின்றது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான் நினைத்தது என்ன? சென்னையிலிருந்து நேர் கிழக்கே போய் பசிபிக் கடலைத் தாண்டினால் அமெரிக்கா. சுவரில் மாட்டும் மேப் அப்படித்தானே காட்டுகிறது? நூல் அதைக் கேட்கவில்லை. ஒடிசா, பீகார், நேபாளம் என்று வடக்கே ஏறியது. திபெத்தைத் தாண்டி, மங்கோலியா வழியாக, பைக்கால் ஏரிப் பக்கம் போய், சைபீரியாவில் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே எட்டிப் பார்த்துவிட்டு, அலாஸ்கா வழியாகக் கலிபோர்னியாவில் இறங்கியது.

"நூல் நழுவிடுச்சுப்பா" என்றேன்.

"நூல் நழுவலை. நீதான் மேப்பை நம்பிட்டே" என்றார் அப்பா.

அவர் சொன்னதுதான் சரி. சாத்துக்குடித் தோலை உரித்துத் தரையில் தட்டையாக வைத்துப் பாருங்கள். விளிம்பெல்லாம் கிழியும். கிழியாமல் மேப் போடவேண்டும் என்றால் வட துருவத்தையும் தென் துருவத்தையும் இழுத்து அகலப்படுத்தித்தான் போடமுடியும். அதனால்தான் மேப்பில் நேர்க்கோடாகத் தெரிவது உருண்டையில் சுற்றுவழி. உருண்டையில் குறுக்குவழி மேப்பில் வில் மாதிரி வளைந்து தெரிகிறது. விமானத்தில் சீட்டுக்கு முன்னால் உள்ள குட்டி டி.வி.யில் விமானம் ஏன் வளைந்து வளைந்து போகிறது என்று கவலைப்படுகிறவர்கள் கவனிக்கவும். பைலட் தூங்கவில்லை. மேப்தான் பொய் சொல்கிறது.

அப்பா நூலை ஸ்கேலில் அளந்தார். 33 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். உருண்டையின் இடுப்பளவு 96 சென்டிமீட்டர். ஆக ஒரு சென்டிமீட்டருக்கு 417 கிலோமீட்டர். பெருக்கினால் 13,761.

நான் கம்ப்யூட்டரில் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் போட்டுப் பார்த்தேன். சுமார் 13,900 வந்தது.

"140 கிலோமீட்டர் உதைக்குதேடா! பல்லாவரத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் எங்கே போச்சு?" என்று அப்பா நிஜமாகவே கவலைப்பட்டார். பூக்கட்டும் நூல் கொஞ்சம் நீளும் என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

அன்று ஆரம்பித்த பைத்தியம். தினமும் சாயங்காலம் ஏதாவது இரண்டு ஊருக்கு நடுவே நூல் கட்டுவார். பூமியில் எந்த இரண்டு ஊரும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகி இருக்கமுடியாது என்று ஒருநாள் தானாகவே கண்டுபிடித்து, ஆர்க்கிமிடீஸ் மாதிரி (ஆனால் வேட்டியோடு) ஹாலுக்கு ஓடிவந்தார். அதற்கு மேல் போனால் அந்தப் பக்கமாகத் திரும்பி வர ஆரம்பித்துவிடுவோமாம். சென்னைக்கு நேர் எதிர்ப்பக்கம் பெரு நாட்டுக்கு மேற்கே நடுக்கடலில் விழுகிறது. "அங்கே ஸ்டேஷன் எதுவும் இல்லை" என்று வருத்தத்தோடு அறிவித்தார்.

* * *

தூரம் முடிந்ததும் நேரத்துக்கு வந்தார்.

"13,900 கிலோமீட்டர். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகுதுங்கறே. அப்போ பதினஞ்சரை மணி நேரம். பெரியவன் ஏன் 24 மணி நேரம், 26 மணி நேரம்னு சொல்றான்? நடுவுல இன்ஜின் மாத்தறாங்களா?"

விஷயம் இதுதான். அண்ணன் வருவது துபாய் வழியாக. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய் சுமார் 13,000 கிலோமீட்டர். துபாயிலிருந்து சென்னை சுமார் 2,900. மொத்தம் 15,900-க்கு மேல். இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அண்ணன் துபாய்க்கு வரும் தூரத்தோடு இன்னும் ஒரு 900 கிலோமீட்டர் சேர்த்தால் நேராக மீனம்பாக்கத்திலேயே இறங்கிவிடலாம். ஒரே ஒரு மணி நேரம்! அதை விட்டுவிட்டு துபாயில் இறங்கி, சோம்பல் முறித்து, கொட்டாவி விட்டு, இன்னொரு விமானம் பிடித்து 2,900 கிலோமீட்டர் வருகிறான்.

அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நான் கஷ்டப்படவே இல்லை. "ஜங்ஷன்!" என்றார் ஒரே வார்த்தையில். அதேதான். சென்னையிலிருந்து மட்டும் தினமும் ஒரு விமானம் நிறைய சான் பிரான்சிஸ்கோவுக்கு ஆள் சேருவது கஷ்டம். சென்னை, கொச்சி, கொழும்பு, டாக்கா என்று பத்து ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவந்து ஒரு இடத்தில் கொட்டி, அங்கிருந்து பெரிய விமானத்தில் ஏற்றினால் சீட் நிரம்பும். விழுப்புரம் இல்லாமல் ரயில்வே உண்டா?

ஒரே மூச்சில் பறக்க முடியாது என்பதில்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா விமானம் ஒன்றை, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவம் வழியாக பெங்களூருக்கு நடுவில் நிற்காமல் பெண் பைலட்டுகள் மட்டுமே ஓட்டி வந்தார்கள். சுமார் 14,000 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டர் சொச்சத்தை, 2018 முதல் ஒரே மூச்சில் சுமார் பதினெட்டரை மணி நேரத்தில் பறக்கிறார்கள். பதினெட்டரை மணி நேரம் ஒரே சீட்டில்! நம்ம ஆபீஸ் நாற்காலியில் எட்டு மணி நேரத்துக்கே முதுகு பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு சந்தேகம் கேட்டார். "போற வண்டிக்கும் வர்ற வண்டிக்கும் நேரம் ஏன் வேற வேற?"

லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் எட்டு மணி நேரம். திரும்பி வர ஏழு. தூரம் அதேதான். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம். கிழக்கே போகிறவனை முதுகில் தள்ளிவிடும். மேற்கே போகிறவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். 2020 பிப்ரவரியில் புயல் நேரத்தில் இந்தக் காற்றில் ஏறிக்கொண்ட ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது.

இந்தக் காற்றை 1920-களிலேயே பலூன் விட்டுக் கண்டுபிடித்தவர் வஸாபுரோ ஓயிஷி என்ற ஜப்பான்காரர். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். உலகப் பொதுமொழியாக வரும் என்று அப்போது சிலர் நம்பிய மொழி. வரவில்லை. அறிக்கையை யாரும் கவனிக்கவும் இல்லை. 1944-ல் ஜப்பான் மேல் குண்டு போடப்போன அமெரிக்க பி-29 விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திண்டாடின.

அப்பா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "விஷயம் தெரிஞ்சா மட்டும் போதாதுடா. கேக்கறவனுக்குப் புரியற மாதிரி அனவுன்ஸ் பண்ணணும்."

இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

போன வருஷம் ஜனவரி. ஒரு வியாழக்கிழமை. ராத்திரி ஒன்பதரை மணிக்கு அப்பா உருண்டை பக்கத்தில் நின்றபடி, "நெஞ்சுல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். சட்டை நனைந்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரி. ஹார்ட் அட்டாக். ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அப்பா என் கையைப் பிடித்து, "பெரியவனுக்குச் சொல்லாதே. பாவம், பதறுவான்" என்றார்.

ஒரு நல்ல பிள்ளை அப்பா சொன்னதைக் கேட்கவேண்டும். நான் கேட்டேன்.

அது மட்டும்தான் காரணம் என்று எழுதி இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். என் மனைவியே ஒருவேளை நம்பிவிடுவாள். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குவாக இருக்கலாம் என்று லேபில் ஒரு பையன் சொன்னதை நம்பி நடுராத்திரி அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவன் ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்து அடுத்த விமானத்தில் ஓடிவந்தான். காலிங்பெல் அடித்தபோது கதவைத் திறந்தது அப்பா. கையில் மெதுவடை. அண்ணன் சிரித்துக்கொண்டே என்னிடம், "அடுத்த தடவை டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்துட்டுக் கூப்பிடுடா" என்றான். தமாஷாகத்தான் சொன்னான். என் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதற்கும் கீழே இன்னொரு காரணம் இருந்தது. அண்ணன் டாலர் அனுப்புகிறவன். சொந்தக்காரர்கள் விசாரிக்கும்போது முதலில் அவன் பெயர்தான் வரும். நான் கூடவே இருந்து கரண்ட் பில் கட்டுகிறவன். இந்த ஒரு தடவையாவது, அண்ணன் இல்லாமல், நான் தனியாகவே சமாளித்தேன் என்று இருக்கட்டுமே என்று தோன்றியது. ஆஸ்பத்திரி வராந்தாவில், அப்பா உள்ளே கிடக்கும்போது, ஒருத்தனுக்கு இப்படித் தோன்றுமா என்று கேட்காதீர்கள். தோன்றியது.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க, "இப்போ பரவாயில்லை", "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்று ஓட்டினேன். அம்மா இரண்டு தடவை கேட்டாள். "சொல்றேம்மா" என்றேன்.

ராத்திரி பத்து மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "வெளியூர்ல யாராவது இருக்காங்களா? இருந்தா சொல்லிடுங்க."

சார், உலகத்தில் எத்தனையோ பயங்கரமான வாக்கியங்கள் இருக்கின்றன. இவ்வளவு மரியாதையான வாக்கியம் இவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பத்தரைக்குப் போன் பண்ணினேன். அங்கே வெள்ளிக்கிழமை காலை 9 மணி. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பதின்மூன்றரை மணி நேரம் வித்தியாசம்.

"எப்போடா ஆச்சு?" என்றான் அண்ணன்.

"இன்னிக்குச் சாயங்காலம்" என்றேன்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். ட்ரயல் பாலன்ஸ் டாலி ஆகவில்லையென்றால், இடிக்கிற தொகையைத் தற்காலிகமாக 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்றில் போட்டுவைப்போம். அன்றைக்கு நான் 25 மணி நேரத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டேன்.

* * *

அண்ணனுக்கு அன்று சாயங்காலம் 4 மணி விமானத்தில் சீட் கிடைத்தது. நான் ஐ.சி.யு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, செல்போனில் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வசதி இப்போது இருக்கிறது. மேப்பில் ஒரு மஞ்சள் பொம்மை விமானம். ஆளில்லாத தெருவில் எறும்பு மாதிரி நகரும்.

சான் பிரான்சிஸ்கோவும் துபாயும் உருண்டையில் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கத் தீர்க்கரேகைகளில் இருக்கின்றன. அதனால் நூல் கட்டினால் அது வட துருவத்திலிருந்து வெறும் 200 கிலோமீட்டர் தள்ளிப் போகும். நிஜ விமானம் காற்றையும், எந்த நாட்டின் ஆகாயம் திறந்திருக்கிறது என்பதையும் பார்த்து அன்றன்றைக்குப் பாதையை மாற்றிக்கொள்ளும். ஆனாலும் வடக்கே ஏறத்தான் வேண்டும். அப்படி ஏறிக்கொண்டிருந்த பொம்மை விமானம் ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பனிப் பிரதேசத்தில் சிக்னலைப் பிடித்துக் கொடுக்க ஆளில்லை. அவ்வளவுதான் விஷயம். அது தெரிந்தும் எனக்கு வியர்த்தது. உள்ளே அப்பா. அங்கே அண்ணன். இரண்டு பேரைப் பற்றியும் தகவல் இல்லை.

அப்போதுதான் எப்போதோ படித்தது ஞாபகத்துக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில், 1943-லிருந்து 1945 வரை, ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இலங்கையில் காலி பக்கத்தில் உள்ள கொக்கலைக்கும் குவான்டாஸ் கம்பெனி கடல் விமானங்கள் ஓட்டியது. சுமார் 6,500 கிலோமீட்டர். நடுவில் நிற்க இடமில்லை. 28 மணி நேரம், 30 மணி நேரம், சில நாள் 32 மணி நேரம்கூட ஆகும். பயணிகள் அதிகபட்சம் மூன்று பேர். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்ப்பார்கள். ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ரேடியோவில் வாயே திறக்கமாட்டார்கள். கிளம்பினால் கிளம்பியதுதான். வந்து சேர்ந்தால்தான் இருக்கிறார்கள் என்று தெரியும்.

அவர்கள் எதிரிக்குப் பயந்து பேசாமல் இருந்தார்கள். நான் யாருக்குப் பயந்து 25 மணி நேரம் பேசாமல் இருந்தேன்?

சனிக்கிழமை ராத்திரி அண்ணன் துபாயில் இறங்கினான். "எப்படி இருக்கார்?" என்று மெசேஜ். "அப்படியேதான்" என்று பதில் போட்டேன். நடுராத்திரிக்கு மேல் பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக நிலைக்கு வந்தது. ஏன் இறங்கியது, ஏன் ஏறியது என்று டாக்டர் சொன்னது எனக்கு மண்டையில் ஏறவில்லை. அவர் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. அதை மட்டும் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு அண்ணன் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கே வந்தான். உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றான். அப்பா கண்ணைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வண்டி லேட்டா?" என்றார்.

அண்ணன் அழுதுகொண்டே சிரித்தான். நான் வெளியே வந்துவிட்டேன்.

* * *

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் அப்பா மறுபடி உருண்டையைக் கேட்டார். அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பேப்பர் பேனாவோடு பயண விசாரணை.

"எத்தனை மணிக்குத் தகவல் வந்துச்சு?"

"வெள்ளிக்கிழமை காலையில 9 மணிப்பா."

"வண்டி புறப்பாடு?"

"சாயங்காலம் நாலு."

வீடு, செக்-இன், காத்திருப்பு எல்லாம் சேர்த்து 7 மணி நேரம். துபாய் வரை பதினைந்தரை. துபாயில் ஆறரை மணி நேரம் காத்திருப்பு. சென்னை வரை 4. இமிக்ரேஷன், பெட்டி, டாக்சி ஒன்றரை. ஆகமொத்தம் முப்பத்து நாலரை மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது பத்தொன்பதரை மணி நேரம்தான். மீதி 15 மணி நேரம் தரையில். 'பயண நேரம்' என்று டிக்கெட்டில் போடுவது கதவு மூடி நகர்வதிலிருந்து நிற்கும் வரைக்கும்தான் என்று அண்ணன் விளக்கினான். அதற்கு 'பிளாக் டைம்' என்று பெயராம். "எங்ககிட்டேயும் பிளாக் உண்டு" என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார்.

பிறகு 9 மணியோடு பதின்மூன்றரையைக் கூட்டினார். வெள்ளிக்கிழமை 22.30. பேனா நின்றது. தனக்கு நெஞ்சு வலித்தது வியாழக்கிழமை 21.30 என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியாதா? கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேப்பரை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் மொட்டைமாடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். தலைக்கு மேலே மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம். அது போய்ச் சத்தம் அடங்கியதும் சொன்னார்.

"வண்டி லேட்டாகறது தப்பில்லடா. மழை வரும், தண்டவாளம் உடையும், மாடு குறுக்கே வரும். ஆனா லேட்டுன்னு தெரிஞ்சும் அனவுன்ஸ் பண்ணாம பிளாட்பாரத்துல ஜனங்களை உட்காரவச்சிருக்கான் பாரு, அது தப்பு. அவன் வெளியே போய் டீ குடிச்சிருப்பான், வீட்டுக்குப் போன் பண்ணியிருப்பான், பஸ் பிடிச்சிருப்பான். எதைப் பண்றதுன்னு முடிவு பண்றது அவன் உரிமை. அதை நீ எடுத்துக்கக்கூடாது."

"நீங்கதானேப்பா சொல்லாதேன்னு..."

"நெஞ்சு வலியில படுத்திருக்கவன் ஆயிரம் சொல்வான். டியூட்டியில இருந்தது நீ."

"அண்ணன்கிட்ட நீங்க..."

"நான் சொல்லமாட்டேன். தப்பு பண்ணவன்தான் எழுதிக் கொடுக்கணும். அதான் ரூல்."

அண்ணன் திரும்பிப் போகும் நாளன்று மீனம்பாக்கத்தில், பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றியபிறகு சொன்னேன். வியாழக்கிழமை ராத்திரியே சொல்லியிருந்தால், அதே 4 மணி வண்டியை வியாழக்கிழமையே பிடித்து, சனிக்கிழமை காலையிலேயே வந்திருப்பான். 59 மணி 30 நிமிடக் கணக்கில் மிகப் பெரிய ஐட்டம் சான் பிரான்சிஸ்கோ–துபாயும் இல்லை, துபாய்–சென்னையும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து என் சட்டைப்பை. 25 மணி நேரம். அதைக் கடக்க விமானம் வேண்டாம், கட்டைவிரல் போதும்.

அண்ணன் முகம் மாறியது. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா போயிருந்தா உன்கூட நான் பேசியிருக்கமாட்டேன்டா" என்றான். தள்ளுவண்டியை இரண்டடி தள்ளியவன் திரும்பி, "அந்த வாரம் முழுக்க நானும் அப்பாவுக்குப் போன் பண்ணலை. தினம் நாளைக்குப் பண்ணலாம்னு விட்டேன்" என்றான்.

கட்டிப்பிடித்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "பெல்ட்டைக் கழட்டச் சொல்வான், முன்னாடியே கழட்டி வச்சுக்கோ" என்றேன். "சரிடா" என்று போனான்.

* * *

இப்போது எங்கள் வீட்டில் புது ரூல். எதுவானாலும் உடனே அறிவிப்பு. அண்ணனுக்கு என் மெசேஜ் இப்படிப் போகும்: "06.40. அப்பாவுக்கு இருமல். காரணம்: நேற்று ராத்திரி திருட்டுத்தனமாக ஐஸ்கிரீம். பயப்படத் தேவையில்லை." "11.15. அம்மாவுக்கு முழங்கால் வலி. காரணம்: தேன்குழல் பிழிந்தது. பாதி உனக்காக." வருவதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்துகொள்வான். இதுவரை ஒரு தடவைகூடப் பதறி ஓடிவரவில்லை. தினமும் போன் மட்டும் வருகிறது. தேன்குழலை விசாரித்து.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் தம்பிகளில் பாதிப் பேர் ஏதோ ஒரு ஊரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறீர்கள். மீதிப் பேர் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு, வெளியூர் அண்ணனுக்கோ அக்காவுக்கோ எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று கணக்குப் போடுகிறீர்கள். தூரம் நம் கையில் இல்லை. நியூயார்க்கோ, பக்கத்தில் இருக்கும் நெய்வேலியோ, அது அங்கேதான் இருக்கும். சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டை மட்டும் வருஷக் கடைசி வரை இழுக்காதீர்கள். எந்த ஆடிட்டரும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

நேற்று அண்ணனிடமிருந்து தகவல். லீவு கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு வருகிறான், டிக்கெட் போட்டாயிற்று. அப்பா உடனே உருண்டையை எடுத்தார். நூலைத் தேடினார். காணோம்.

"33 சென்டிமீட்டர் நூல் இங்கே வச்சிருந்தேனே?"

"மல்லிப்பூ கட்டிட்டேன்" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

"எடுக்கும்போதே ஏன் அனவுன்ஸ் பண்ணலை?"

"இப்போ பண்ணியாச்சு" என்றாள் அம்மா.